புரொப்பேனில் எட்டு மணி நேரம் பறந்த ஆளில்லா விமானம்

[காட்சி: வானில் சிறிய ஆளில்லா விமானம்]

மின்கல அடுக்கைச் சுமந்து 2 மணி நேரமே பறந்துகொண்டிருந்த ஸ்டாக்கர் என்னும் ஆளில்லா விமானம், 2011இல் 8 மணி நேரத்துக்கும் மேல் பறந்தது. அதற்கு ஆற்றல் தந்தது, நம் சமையல் எரிவாயுவில் பியூட்டேனுடன் கலந்திருக்கும் புரொப்பேன். ஆனால் அதில் எஞ்சின் இல்லை. வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்தது திண்ம ஆக்சைடு எரிபொருள் கலம்.

வரலாறு சுருக்கமானது: 1937இல் சுவிட்சர்லாந்தில் பவுரும் பிரைசும் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) என்னும் பீங்கானில் இதன் முதல் வடிவத்தை இயக்கிக் காட்டினர்.

[காட்சி: கலத்தின் குறுக்குவெட்டு]

காற்றிலுள்ள ஆக்சிஜன் அயனியாக மாறி, ஏறத்தாழ 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பீங்கானைக் கடந்து, மறுபக்கம் ஹைட்ரஜனுடன் சேர்ந்து நீராவியாகிறது. நான் மீண்டும் மீண்டும் வியக்கும் இடம் இதுதான். மீத்தேனையோ புரொப்பேனையோ உடைத்து ஹைட்ரஜன் எடுக்க வெப்பமும் நீராவியும் வேண்டும். ஒரு மோல் மீத்தேனுக்கு மட்டும் 206 கிலோஜூல் செலவாகும். கலம் வீணாக்கவிருந்த வெப்பமும், அது வெளியேற்றவிருந்த நீராவியும் அதே இடத்தில் காத்திருக்கின்றன. எரிபொருள் பக்கத்து மின்வாயில் (எலெக்ட்ரோடில்) உள்ள நிக்கலே வினையூக்கியாகவும் நிற்கிறது. எரிபொருளை உடைக்கத் தனி உலை தேவையில்லை என்பதால், கையில் தூக்கிச் செல்லும் கருவிக்கு எடை குறைகிறது.

[காட்சி: நிக்கல் துகள், பெரிதாக்கப்பட்டது]

ஆனால் அந்த நிக்கலே பகையாகவும் மாறும். கோபுரத்து இடுக்கில் விழுந்த அரச விதையை நினைத்துப் பாருங்கள்: வேர் உள்ளே நுழைந்து, பருத்து, கல்லையே பெயர்த்துவிடுகிறது. நீராவி போதாதபோது எரிபொருளிலிருந்து பிரியும் கரியும் அப்படித்தான் நிக்கலுக்குள் கரைந்து, மறுபுறம் இழையாக வளர்ந்து, துகளைத் தன் நுனியில் தூக்கிக்கொண்டு மின்வாயைப் பொடியாக்குகிறது. மீத்தேனைவிடப் புரொப்பேனில் இந்த ஆபத்து அதிகம். 2000ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார், கரியை வளர்க்காத செம்பையும் சீரியா என்னும் சீரியம் ஆக்சைடையும் நிக்கலுக்கு மாற்றாக வைத்துக் காட்டியது, என் கணிப்பில், இத்துறையின் மிக அழகான விடை.

வாயு நுழையும் முனையில், வெப்பத்தை உறிஞ்சும் அந்த உடைப்பு வினை வேகமாக நடந்து திடீரெனக் குளிர்ந்தால் பீங்கானில் விரிசல் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையடக்கக் கருவியில், நீராவியைக் கூட்டத் தேவைப்படும் தண்ணீரும் சுமையே. ஆகவே பலர் சிறிது காற்றைப் புரொப்பேனுடன் கலந்து பகுதியாக எரிக்கின்றனர்; செயல்திறன் சற்றுக் குறைந்தாலும் கலம் விரைவில் சூடேறுகிறது.

இன்னொரு தடை உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. கசிவை நமக்கு உணர்த்துவதற்காக எரிவாயுவில் சேர்க்கப்படும் எத்தில் மெர்காப்டனில் கந்தகம் உண்டு. அது நிக்கலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையை அடக்கிவிடும் என்பதால், வாயு கலத்தை அடையும் முன் கந்தகத்தை உறிஞ்சும் சிறு வடிகட்டியைக் கடந்தாக வேண்டும்.