விடையைப் பார்த்தா புரியுது, டெஸ்ட்ல மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

சரி, அடுத்த கேள்வி. தென்னாப்பிரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வொர்த்துல இருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்காங்க. அப்படியே படிச்சுடறேன். "தம்பி, என் பையன் முதல் வருஷம் இன்ஜினியரிங். கூடவே ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பைத்தான், பிசினஸ்னு ஒரு பாடம், எல்லாம் இருக்கு. வீட்டுப்பாடக் கணக்குல 80-க்குக் கீழ இறங்கினதே இல்ல. டெஸ்ட்ல 38 வாங்கிட்டு வந்து நிக்கிறான். விடையோட பயிற்சிக் கணக்கு நெட்ல கொட்டிக் கிடக்கு, ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சு அதைத்தான் பார்க்கிறான். சோம்பேறின்னு சொல்ல முடியாது. எங்க கோளாறு? காசு கட்டி விடை வாங்கற சைட் ஏதாவதுல சேர்த்து விடட்டுமா?" இதுதான் கேள்வி.

அக்கா, முதல்ல பையனைத் திட்டாதீங்க. விடையைப் பார்த்துப் படிக்கிறது தப்பே இல்ல. 1985-லயே ஆஸ்திரேலியாவுல ஸ்வெல்லர், கூப்பர்னு ரெண்டு பேர் அல்ஜீப்ராவை வெச்சுச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. புதுசா ஒரு பாடத்துக்குள்ள வர்றவன் எடுத்த எடுப்புல கணக்கோட மல்லுக்கட்டறதை விட, போட்டுக் காட்டின கணக்கைப் படிச்சா சீக்கிரம் பிடிச்சுக்கிறான். அதனால ஆரம்பத்துல விடை வேணும். ஆனா உங்க பையன் அந்த ஆரம்பத்துலயே உட்கார்ந்துட்டான்னு எனக்குத் தோணுது.

ஏன்னா அச்சடிச்ச விடையில ஒரு விஷயம் இருக்கவே இருக்காது. எந்த வழியில போகணும்னு முடிவு பண்ற இடம். விடையோட முதல் வரி வர்றதுக்குள்ள அந்த முடிவை வேற யாரோ எடுத்து முடிச்சுடறாங்க. அப்புறம் இருக்கிறதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். அதைப் படிச்சா யாருக்குத்தான் புரியாது?

ஒரு கணக்கைப் போட்டே காட்டறேன். பிசினஸ் பாடத்துல வர்றது. கடையில ஒரு சட்டை 460 ரேண்ட், வாட் (VAT, விற்பனை மேல போடற வரி) சேர்த்து. இதுல வாட் எவ்வளவு? வாட் 15 சதவீதம், எல்லாருக்கும் தெரியும். பசங்க பாதிப் பேர் நேரா 460-ல 15 சதவீதம், 69 ரேண்ட்னு எழுதிடுவாங்க. விடைத்தாள்ல 460 பெருக்கல் 15 வகுத்தல் 115, 60 ரேண்ட்னு இருக்கும். பையன் பார்ப்பான், "ஓ, 115-ஆல வகுக்கணுமா, சரி"ன்னு தலையாட்டிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவான். 115 எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்கவே மாட்டான். 460-ங்கிறது வாட் போட்டதுக்கு அப்புறம் வந்த விலை. வாட் போடறதுக்கு முன்னாடி விலை 100-ன்னா ஒட்டின விலை 115. அந்த 115-ல 15 பங்குதான் வாட். அப்போ வாட் 60 போக, வாட் இல்லாத விற்பனை விலை 400. இந்த நாலு வாக்கியத்தை அவன் வாயால சொல்லணும். சொல்ல வரலைன்னா அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாதுன்னுதான் அர்த்தம், வீட்டுப்பாடத்துல எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் சரி.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. நெட்ல கிடக்கிற விடைகள்ல நிறைய பழசு. நம்ம நாட்டுல 2018 மார்ச் கடைசி வரைக்கும் வாட் 14 சதவீதம். பழைய விடையில 14 வகுத்தல் 114-ன்னுதான் இருக்கும். அதைப் பார்த்து எழுதினா 56 ரேண்ட் 49 சென்ட்னு ஒரு விடை வரும். 2025-ல 15.5 ஆக்கப் போறோம்னு சொல்லி, கடைசி நேரத்துல வேண்டாம்னு விட்டாங்களே, அது மட்டும் நடந்திருந்தா இன்னைக்கு இருக்கிற விடையும் பழசாயிருக்கும். 115 எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சவனுக்கு இதுல எதுவும் பிரச்சினை இல்ல. சதவீதத்தை மாத்திப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பான்.

சரி, அவன் என்ன பண்ணணும்? ஒரு வெள்ளைத் தாளை எடுத்து விடை மேல மூடச் சொல்லுங்க. கேள்வியைப் படிச்சுட்டு, முதல் வரி என்னவா இருக்கும்னு அவனே எழுதணும், ஏன்னு பக்கத்துல ரெண்டு வார்த்தை. அப்புறம் தாளை ஒரு வரி கீழ இறக்கிப் பார்க்கணும். ஒத்து வந்துச்சா, அடுத்த வரி. வரலையா, எங்க பிரிஞ்சோம்னு அங்கேயே நிக்கணும். ஒரு கணக்குக்கு இருபது நிமிஷம் ஆகும். ஆகட்டும். ராத்திரி முப்பது கணக்கு பார்க்கிறதுக்குப் பதிலா அஞ்சு கணக்கு போட்டா போதும்.

அதோட விடக்கூடாது. கணக்கைத் திருப்பிக் கேட்கணும். வாட் மட்டும் 60 ரேண்ட், பில் எவ்வளவு? அந்தச் சட்டைக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தா வாட் எவ்வளவு? 414-ல 54 ரேண்ட் வரும், போட்டுப் பாருங்க. கடைக்காரர் அதை வாட் இல்லாம 300-க்கு வாங்கி, தள்ளுபடி இல்லாம 460-க்கு வித்தா லாபம் எவ்வளவு? 160-ன்னு எழுதினா அதுல 60 அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய காசு, லாபம் 100-தான். அந்த 100, வாங்கின விலையில பார்த்தா 33 சதவீதம் சொச்சம், அது மார்க்அப். வாட் இல்லாத வித்த விலையில பார்த்தா 25 சதவீதம், அது மார்ஜின். மார்க்அப் எது, மார்ஜின் எதுன்னு மாத்தி எழுதி மார்க்கைக் கோட்டை விடறவங்க கணக்கு வழக்கில்லாம இருக்காங்க. ஒரே ஒரு சட்டைதான், அதுக்குள்ள இத்தனை கணக்கு இருக்கு.

இன்ஜினியரிங் கணக்குக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு வரியிலயும் அலகு எழுதணும். 2023-ல லோட்ஷெடிங், அதாவது முறை வெச்சுக் கரண்ட்டை நிறுத்தறது, உச்சத்துல இருந்தப்போ எல்லா வீட்டுலயும் இன்வெர்ட்டர் பேச்சுதானே, அந்த மாதிரி ஒரு கணக்கு. லைட்டு, டிவி, வைஃபை எல்லாம் சேர்த்து 400 வாட் (இது வரி இல்ல, மின்சார வாட், W), ரெண்டரை மணி நேரம் ஓடணும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் (Ah) பேட்டரி எத்தனை வேணும்? ஒரு பையன் என்கிட்ட எழுதிக் காட்டினான்: 100 பெருக்கல் 230, அதனால 23,000 வாட்-அவர் (Wh), ஒரு பேட்டரி தாராளம்னு. 230 எங்கிருந்துடா வந்துச்சுன்னா, "வீட்டுல 230 வோல்ட் தானே அண்ணா"ங்கிறான். வீட்டுல 230-தான், பேட்டரி முனையில 12 தானே! 12 பெருக்கல் 100, 1,200 வாட்-அவர். லெட் ஆசிட் பேட்டரின்னா பாதிக்கு மேல இறக்கக் கூடாதுன்னு வெச்சுப்போம், 600. நமக்கு வேண்டியது 400 பெருக்கல் 2.5, 1,000. இன்வெர்ட்டர் 90 சதவீதம்தான் வெளிய விடும்னா 1,111. அப்போ ரெண்டு பேட்டரி. இங்க சூத்திரம் அவனுக்குத் தெரியாம இல்ல. எந்த வோல்ட்டைப் போடறதுங்கிறதுலதான் விழுந்தான். மறுபடியும் அதே இடம்தான், முடிவு எடுக்கிற இடம்.

பைத்தானுக்கு வர்றேன். நம்ம பசங்க நிறைய பேர் ஸ்கூல்ல ஐடி பாடத்துல டெல்ஃபிங்கிற புரோகிராம் மொழி படிச்சுட்டு வர்றாங்க. டெல்ஃபியில 1-ல இருந்து 10 வரைன்னு லூப் எழுதினா 10-ம் சேரும். பைத்தான்ல ரேஞ்ச்ல 1, 10-ன்னு கொடுத்தா 9-லயே நின்னுடும். கூட்டினா 55 வர வேண்டிய இடத்துல 45 வரும். விடையை காப்பி பண்ணி ஓட்டினா இது கண்ணுலயே படாது. அதனால ஓட்டறதுக்கு முன்னாடி என்ன வரும்னு தாள்ல எழுதி வெச்சுட்டு, அப்புறம் ஓட்டச் சொல்லுங்க. அவ்வளவுதான் இதுக்கு.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல "புக்ல விடை தப்பு அண்ணா"ன்னு வர்ற பசங்க அதிகம். காலையில டாக்ஸிக்குக் காத்திருந்த நேரம், அஞ்சு நாள்: 4, 8, 6, 5, 7 நிமிஷம். சராசரி 6. வித்தியாசங்களை வர்க்கமாக்கிக் கூட்டினா 10. அதை 5-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா திட்ட விலக்கம் 1.41. 4-ஆல வகுத்தா 1.58. பைத்தான்ல கணக்குப் போட ரெண்டு தொகுப்பு இருக்கு: நம்பை (NumPy)கிட்ட சும்மா கேட்டா 1.41 கொடுக்கும், அதே எண்களைப் பாண்டாஸ் (pandas)கிட்ட கேட்டா 1.58 சொல்லும். ரெண்டும் சரிதான். அந்த அஞ்சு நாள் மட்டும்தான் நம்ம கவலைன்னா 5. அந்த அஞ்சு நாளை வெச்சு வருஷம் முழுக்க எப்படி இருக்கும்னு மதிப்பிடறோம்னா 4. கேள்வியில "மாதிரி" (sample)ன்னு இருக்கான்னு பார்க்கணும். அங்க கண்ணு போகலைன்னா கால்குலேட்டர் எவ்வளவு நல்லதா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இப்போ உங்க 80-க்கும் 38-க்கும் வர்றேன். வீட்டுப்பாடம் எப்பவுமே பாடவாரியா வரும். ஏழாவது பாடம் முடிஞ்சா, அடியில இருக்கிற கணக்கு எல்லாமே ஏழாவது பாடத்துச் சூத்திரம்தான். எதைப் போடறதுன்னு யோசிக்கவே வேண்டாம், தலைப்பே சொல்லிடும். டெஸ்ட்ல தலைப்பு இருக்காது. 2007-ல ரோரர், டெய்லர்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல காலேஜ் பசங்களை வெச்சு இதைப் பார்த்தாங்க. கனஅளவு கண்டுபிடிக்கிற நாலு விதக் கணக்கு. ஒரு கூட்டத்துக்கு வகைவகையாப் பிரிச்சுக் கொடுத்தாங்க, இன்னொரு கூட்டத்துக்குக் கலந்து கொடுத்தாங்க. பயிற்சி பண்ணும்போது பிரிச்சு வாங்கினவங்க 89 சதவீதம், கலந்து வாங்கினவங்க 60. ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட் வெச்சா, பிரிச்சுப் படிச்சவங்க 20, கலந்து படிச்சவங்க 63! உங்க பையன் கதையும் இதேதான் அக்கா. வீட்டுப்பாடத்துல 80 வந்ததே அவனை ஏமாத்துது. அது டிபி (DP, பரீட்சை எழுதறதுக்கான தகுதி) கணக்குலயும் சேர்றதால, டிபி கிடைச்சாத்தான் பரீட்சை எழுதவே விடுவாங்கங்கிறதால, அந்த 80-ஐ அவன் விட மாட்டான். விட வேண்டாம். அதுக்கு மேல வாரத்துல ஒரு நாள், நாலு பாடத்துல இருந்தும் பழைய கணக்கு ரெண்டு ரெண்டு எடுத்துத் துண்டுத் தாள்ல எழுதி, குலுக்கிப் போட்டு எடுத்துப் போடச் சொல்லுங்க. எடுத்ததும் எந்தப் பாடம், எந்த வழின்னு முதல்ல எழுதணும். எரிச்சலா இருக்கும், மார்க் குறையும். பரவாயில்லை.

ஏஐ பத்தி நீங்க கேட்கலை, ஆனா பக்கத்துலயே ஃபோன் இருக்கும்னு தெரியும். "விடை சொல்லு"ன்னு கேட்கக் கூடாது. தான் போட்டதை முழுசா டைப் பண்ணி, "எந்த வரியில முதல் தப்பு, திருத்த வேண்டாம், வரியை மட்டும் காட்டு"ன்னு கேட்கலாம். அதுவும் சில சமயம் சரியா இருக்கிற வரியைத் தப்புன்னு சொல்லும், அப்போ அதோட சண்டை போடட்டும், நல்லதுதான். புரோகிராமை மட்டும் அடுத்தவன்கிட்ட இருந்து எடுத்து, பேரை மாத்திக் கொடுக்கிற வேலை வேண்டாம். மாறியின் (variable) பேரை எவ்வளவு மாத்தினாலும் அமைப்பை வெச்சே கண்டுபிடிக்கிற மென்பொருள் ரொம்ப வருஷமா இருக்கு.

காசு கட்டற சைட் விஷயம். வேண்டாம் அக்கா. அவன்கிட்ட விடை குறைவா இல்ல, ஏற்கெனவே எக்கச்சக்கமா இருக்கு. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்ல நிறைய பாடத்துக்குக் கணக்குத் தாளும் தீர்வும் தனித்தனிக் கோப்பா இலவசமாவே கிடைக்குது. தனித்தனியா இருக்கிறதே நமக்கு வசதி, தீர்வை உடனே பார்க்க வேண்டியதில்லை. ஸ்கூல் கணக்குலயே ஆட்டம் காணுதுன்னா நம்ம ஊர் சியாவுலாங்கிற (Siyavula) பள்ளிக் கணக்குத் தளத்துல பத்தாவது, பதினொண்ணாவது கிரேடு கணக்கைப் போட்டுட்டு வரட்டும், அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

அந்தக் காசுல ஒரு கட்டு ஏ4 தாள் வாங்கிக் கொடுங்க. அப்புறம் அந்த 38 வாங்கின தாளை லெக்சரர்கிட்ட கேட்டு வாங்கச் சொல்லுங்க. மார்க் போன ஒவ்வொரு இடத்துலயும் "வழி தெரியல", "வழி தெரிஞ்சும் கணக்குல தப்பு", "நேரம் பத்தல", இந்த மூணுல எதுன்னு எழுதட்டும். முதல் வகை அதிகமா இருந்தா நான் சொன்னது பொருந்தும். மூணாவது வகைதான் அதிகம்னா மருந்து வேற. பேரையும் மாணவர் எண்ணையும் மறைச்சு ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, அடுத்த வாரம் அதை வெச்சே பேசலாம்.