பாட்டு தொடங்கும் முன்பே பாட்டு கேட்கிறதா? பழைய கேசட்டுக்குள் ஒரு பேய்!

[திரையில்: கேசட் சுழல்கிறது. இரைச்சல் மட்டும்.]

ஒரு பாட்டு முடிந்துவிட்டது. அடுத்தது இன்னும் தொடங்கவில்லை. நடுவில் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் ஓடுகிறது. அந்த இரைச்சலுக்குள் காதை வைத்தால், வரப்போகிற பாட்டின் முதல் வரி, கிணற்றுக்குள் இருந்து யாரோ பாடுவது போல மெல்லக் கேட்கும். ஓரிரு நொடி கழித்து அதே வரி நிஜமாக ஆரம்பிக்கும். சின்ன வயதில் இது எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்.

அந்தப் பேய்க்கு விளக்கம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்லிவிட்டால் பாதியில் ஓடிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் நாம் ஒரு கேசட் தயாரிக்கப் போகிறோம். காதல், கனவு, தத்துவம் மூன்றும் ஒரே கேசட்டில்.

வரலாறு, மூச்சுவிடாமல்: பிலிப்ஸ் கம்பெனியில் லூ ஆட்டன்ஸ் தலைமையிலான குழு உருவாக்கிய கேசட், 1963-இல் பெர்லின் கண்காட்சிக்கு வந்தது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். முடிந்தது. இந்த வேகத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பேயைப் பிடிக்கத் தேவைப்படும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் தெரியாமல் இருக்காது. பத்துக்குப் பத்து அறை, சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு என்கிற பெரிய இசைத்தட்டு, பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் சிவப்பு பச்சை விளக்கு. கோடு போட்ட நோட்டில் இருந்து கிழித்த தாளில் பாட்டுகளின் முதல் வரியை எழுதி, காலி கேசட்டோடு நீட்ட வேண்டும், ரெக்கார்டில் இருந்து பதிந்து கொடுப்பார்கள். சட்டப்படி அது சரியா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

முதன்முதலில் என் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு எண்ணினார்.

"தம்பி, பதினெட்டு பாட்டு எழுதிருக்க. இது சி-60. பன்னிரண்டுக்கு மேல ஏறாது."

"அண்ணே, கொஞ்சம் பாத்து..."

"நான் பாக்கலாம். டேப்பு பாக்காதே."

ஆறு பாட்டை அடிக்கச் சொல்லி பேனாவை என் கையிலேயே கொடுத்துவிட்டார். எழுதியதை விட அடிக்கத்தான் அதிக நேரம் ஆனது. இன்று போனில் 400 பாட்டு சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் எது எனக்கு உயிர் என்று கேட்டால் முழிப்பேன். அன்று அடித்த ஆறில் எது கடைசிவரை தப்பிக்கப் பார்த்தது என்று இப்போதும் சொல்வேன்.

அப்புறம், பாட்டுகளின் வகை. காதல் பாட்டு, கனவுப் பாட்டு, தத்துவப் பாட்டு என்று தமிழ் சினிமாவே நமக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. காதலுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை, ஆளுக்கு நாற்பது பாட்டு கையில் இருக்கும். கனவில்தான் ஏமாறக் கூடாது. கதாநாயகன் பஸ் ஸ்டாப்பில் கண்ணை மூடினால் அடுத்த நொடி பனிமலையில் ஆடுவாரே, அது கனவுப் பாட்டு இல்லை. ஸ்வெட்டர் போட்ட காதல் பாட்டு. என் கணக்கில் ஒரு தாலாட்டு கனவுப் பாட்டு. ஊரைவிட்டுக் கிளம்புகிறவன் ரயிலில் பாடுவதும் கனவுப் பாட்டு. தத்துவத்துக்கு டி.எம்.எஸ். குரல் ஒன்றாவது வேண்டும். ஆனால் சுடுகாட்டுப் பாட்டு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கேசட்டை வாங்கிக்கொள்கிறவர் பயந்துவிடுவார்.

இப்போது சிக்கல். விஷயம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் நான்கு பாட்டு, கேசட்டுக்குப் பக்கம் இரண்டு. எப்படிப் பிரிப்பது?

[திரையில்: கேசட்டைப் பிரித்து, நாடாவை மேசையில் நீட்டிவைத்திருக்கிறேன்.]

இங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கிற விஷயம் வருகிறது. ஏ பக்கம், பி பக்கம் என்கிறோம். ஆனால் பாட்டு பதிவாவது நாடாவின் ஒரே முகத்தில்தான். இந்த 3.81 மில்லிமீட்டரின் ஒரு பாதியில் ஏ பக்கம், மறுபாதியில் பி பக்கம். பி பக்கம் எதிர்த்திசையில் ஓடும், அவ்வளவுதான். அதனால் ஏ பக்கம் முடிகிற இடத்திலேயே பி பக்கம் தொடங்குகிறது. கனவுப் பாட்டு நான்கையும் அந்தத் திருப்பத்தில் வைக்கலாம், ஏ-யின் கடைசியில் இரண்டு, பி-யின் தொடக்கத்தில் இரண்டு. கேசட்டைத் திருப்பிப் போடுகிற அந்த 'டக்' சத்தம் கனவுக்கு நடுவில் புரண்டு படுப்பது மாதிரி இருக்கும்.

அதைவிட இன்னொன்று. ஏ பக்கத்தின் முதல் காதல் பாட்டும் பி பக்கத்தின் கடைசித் தத்துவப் பாட்டும் எங்கே இருக்கின்றன? நாடாவின் அதே துண்டில், பக்கத்துப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூடக் கிடையாது. நாடாவைப் படிக்கிற பிளேயரின் ஹெட் கொஞ்சம் இடம் மாறியிருந்தால், காதல் பாட்டுக்குப் பின்னால் தத்துவம் தலைகீழாக முணுமுணுப்பது கேட்கும். நம் ஆட்கள் முதல் பாட்டைத்தானே திரும்பத் திரும்பப் போடுவார்கள்? அந்த இடத்தில் நாடா சிக்கிக் கசங்கினால் காதலோடு தத்துவமும் போச்சு. இதை நான் வேண்டுமென்றே எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர்' என்று கமெண்ட் போட்டிருப்பீர்கள். பிலிப்ஸ் இன்ஜினியர்கள் செய்தது, நான் இல்லை.

மிச்ச நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். ஆறு பாட்டு இருபத்தெட்டரை நிமிடம் என்று வையுங்கள், ஒன்றரை நிமிடம் மிஞ்சும். மௌனமாக விடலாம். எங்கள் கடைக்காரர் விடமாட்டார். தாராள மனசு, ஏழாவதாக ஒரு பாட்டை அரைகுறையாக ஏற்றிவிடுவார். என் கேசட்டில் ஒரு பாட்டு முதல் சரணத்தின் மூன்றாவது வரியில் செத்துப்போகும். முப்பது வருடம் ஆகிவிட்டது. இன்றும் டீக்கடையில் அந்தப் பாட்டு வந்தால், மூன்றாவது வரியில் என் காது 'டக்'குக்குக் காத்திருக்கிறது. பாட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். ஏதோ தப்பாகப் பாடுகிற மாதிரி இருக்கும்.

உங்களுக்கும் அப்படி ஒரு வெட்டுப்பட்ட பாட்டு இருந்தால் கீழே எழுதுங்கள். சப்ஸ்கிரைப் எல்லாம் அப்புறம்.

பதிவு செய்கிறவர்களுக்கு மூன்று வரி: நாடாவின் தொடக்கத்தில் சில நொடிக்கு வெற்றுத் துண்டு இருக்கும், அதைத் தாண்டிவிட்டுப் பதியுங்கள், இல்லையென்றால் முதல் சொல் போய்விடும். 'பிளே'யையும் 'ரெக்கார்டை'யும் சேர்த்து அமுக்குங்கள். முடிந்ததும் பின்பக்கத்தில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதையும் உடைத்துவிடுங்கள், தம்பி தங்கைகளிடம் இருந்து பாதுகாப்பு.

இப்போது பேய்.

நாடா சுருளில் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டே வருடக்கணக்கில் கிடக்கிறது. பாட்டின் முதல் வரி சத்தமாகப் பதிவாகியிருந்தால், அதன் காந்தம் பக்கத்துச் சுற்றிலும் லேசாக ஏறிவிடும், இரும்புப் பெட்டிக்குள் வைத்த வேட்டியில் துரு ஏறுவது மாதிரி. அந்தப் பக்கத்துச் சுற்று, பாட்டுக்கு முந்தைய மௌனம். எவ்வளவு முன்னால் கேட்கும்? சுருளின் உள்வட்டத்தில் ஒரு சுற்று சுமார் 7 சென்டிமீட்டர். நொடிக்கு 4.76 என்ற வேகத்தில் வகுத்தால் ஒன்றரை நொடி. வெளிவட்டத்தில் மூன்று நொடிக்குப் பக்கம். பாட்டு முடிந்த பிறகும் இதே எதிரொலி வரலாம். சூட்டில் இது கூடும். கார் டேஷ்போர்டில் வைத்தீர்கள் என்றால் பேய்க்குச் சோறு போட்டு வளர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

நாடாவை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. எல்.பி. ரெக்கார்டிலேயே, ஊசி ஓடுகிற பள்ளத்துக்குப் பக்கத்துப் பள்ளம் அழுந்தி இதே முன்னொலி வருவது உண்டு. அது நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே கால் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுழல்வதால், அங்கே இடைவெளி 1.8 நொடி. கடைக்காரர் ரெக்கார்டில் இருந்துதானே ஏற்றினார்? ஆக, என் கேசட்டில் இரண்டு பேய்கூட இருக்கலாம்.

பாட்டைப் போட்டால் காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்துவிடும். பாட்டுக்கு முன்னால் வரும் மௌனத்துக்கு யார் ஸ்ட்ரைக் போடுவார்? என் கேசட்டின் பி பக்கம், கடைசிக் கனவுப் பாட்டு முடிந்து முதல் தத்துவப் பாட்டு தொடங்குவதற்கு முந்தைய இடம். ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

[மூன்று நொடி. இரைச்சல் மட்டும்.]

கேட்டதா? இல்லையென்றால் சத்தத்தைக் கூட்டுங்கள், இன்னொரு முறை போடுகிறேன்.

[மூன்று நொடி.]