கிடையில் எத்தனை பொலிகாளை?

அவைத்தலைவர் அவர்களுக்கும், திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு, வேதாரண்யம் வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் மாடு வளர்ப்போர் அனைவருக்கும் வணக்கம். உம்பளச்சேரி மாட்டைப் பற்றிப் பேசும் மேடைகளில் பசுக்கள் குறைந்துவிட்டன என்ற கவலையே எப்போதும் முன்னிற்கிறது. நான் பேச வந்தது அவற்றைச் சினைப்படுத்தும் காளைகளைப் பற்றி.

சேற்று உழவுக்குப் பேர்போன இந்த இனத்தின் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியிலும் கால்களிலும் வால் நுனியிலும் வெள்ளை தெரியும். இந்த அடையாளங்கள் இருந்தால் இனம் நன்றாக இருக்கிறது என்று நாம் நிறைவடைந்துவிடுகிறோம். ஒரே தகப்பனுக்குப் பிறந்த நூறு கன்றுகளும் இதே அடையாளத்தோடுதான் நிற்கும் என்பதை நினைப்பதில்லை.

டிராக்டர் வந்தபின் காளைக்கன்றை வளர்ப்பார் அருகிவிட்டனர். பல ஊர்களில் கோயில் காளை ஒன்றுதான் மிச்சம். அது ஊர்ப் பசுக்களோடு சேர்ந்து, சில ஆண்டுகளில் தனக்குப் பிறந்த கிடாரிகளோடும் சேர்கிறது. தீங்கான ஒடுங்கு மரபணு ஒன்று, அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே குறையைக் காட்டும் மரபணு, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் மந்தையில் மறைந்திருப்பதாகக் கொள்வோம். உறவில்லாத மாடுகள் சேர்ந்தால் பத்தாயிரம் கன்றுகளில் ஒன்றில்தான் அக்குறை வெளிப்படும். தகப்பனும் மகளும் சேர்ந்தால் அதே பத்தாயிரத்தில் ஏறத்தாழ 26 கன்றுகளில் வெளிப்படும்.  

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். உட்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்வது, புதிதாகக் கெட்ட மரபணுவை உண்டாக்குவதில்லை. மந்தையில் அதன் விகிதத்தைத் தன்னளவில் கூட்டுவதுமில்லை. மறைந்திருந்ததை இணை சேர்த்து வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவே. நல்ல மரபணுக்கள் அடியோடு தொலைவது காளைகள் சிலவே என்பதால். நூறு பசுக்களுக்கு ஒரே காளை இருந்தால், எல்லாக் கன்றுகளின் மரபணுக்களிலும் பாதி அந்த ஒன்றிடமிருந்தே வருவதால், மரபியல் கணக்கில் அந்த மந்தை வெறும் நான்கு மாடுகளுக்குச் சமம்; ஒவ்வொரு தலைமுறைக்கும் உட்கலப்பு எட்டில் ஒரு பங்கு ஏறும். அதே பசுக்களுக்குப் பத்துக் காளைகள் இருந்தால் மந்தை 36 மாடுகளுக்குச் சமமாகிவிடும். இன்னும் நூறு பசுக்களைச் சேர்த்தாலும் ஒற்றைக் காளையின் கணக்கு நான்கைத் தாண்டாது.

சினை ஊசி இருக்கிறதே என்பார்கள். ஊசி காளையின் எண்ணிக்கையை இன்னும் சுருக்கவும் கூடும். அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்தில் ஆஸ்பார்ண்டேல் ஐவன்ஹோ என்ற ஒரு காளையின் வழிவந்த குறையால், வெள்ளணுக்கள் இரத்தக் குழாயை விட்டு வெளியேற முடியாமல் கன்றுகள் தொற்றுநோயில் மடிந்தன. காரணமான மரபணு மாற்றம் 1992-இல் கண்டறியப்படுவதற்குள் அந்த வழிவந்த காளைகளின் விந்து பல நாடுகளுக்குப் போய்விட்டது.

நம்மூரில் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. பசு சினை பிடிப்பது தள்ளிப்போகும், கன்று நோஞ்சானாகப் பிறக்கும். நாம் தீவனத்தைக் குறை சொல்வோம். ஆகவே, ஒரு காளைக்குப் பிறந்த கிடாரிகள் பருவத்துக்கு வருமுன், அதாவது இரண்டு, இரண்டரை ஆண்டுக்குள், அதை உறவில்லாத வேறு ஊர்க் காளையோடு மாற்றிக்கொள்ளுங்கள். கன்று பிறந்த அன்றே தகப்பன் எது என்பதை நோட்டில் குறித்துவையுங்கள். அது தெரியாமல் எந்தக் காளையை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய இயலாது.