காதில் செருகிய புல்

வணக்கம் நேயர்களே. சிம்பன்சி என்றதும் பழைய வாழ்த்து அட்டையிலோ காலண்டரிலோ பார்த்த ஒரு குட்டி உங்களில் பலருக்கு நினைவு வரும். சட்டை போட்டுக்கொண்டு, எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும். அது சிரிப்பே இல்லை. மேல்வரிசைப் பற்கள் முழுக்கத் தெரியும்படி சிம்பன்சி உதட்டை இழுத்தால், அது பயந்து போயிருக்கிறது என்று பொருள். சந்தோஷமாக விளையாடும்போது அதன் வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல் பற்களை உதடு மூடியிருக்கும். நான் கால்நடை மருத்துவன். பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் கிண்டல் வாங்குகிறவன். இன்று உங்களிடமும் சொல்லியாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆப்பிரிக்காவில் சாம்பியா என்று ஒரு நாடு. அங்கே காஃபுவே ஆற்றங்கரையில் டேவிட் சிடில், ஷீலா சிடில் என்ற தம்பதி மாட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். 1983ல் காயம்பட்ட ஒரு சிம்பன்சிக் குட்டி அவர்கள் கைக்கு வந்தது. பிழைக்காது என்று நினைத்தார்கள், பிழைத்துவிட்டது. செய்தி பரவியதும் அடுத்தடுத்து குட்டிகள் வந்தன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சிம்பன்சிகள் வாழும் சிம்ஃபுன்ஷி சரணாலயம் அப்படித் தொடங்கியதுதான். இத்தனைக்கும் சாம்பியாவின் காடுகளில் சிம்பன்சியே கிடையாது. பக்கத்து நாடான காங்கோவிலிருந்து கடத்திக்கொண்டு போகும் வழியில் பிடிபட்டவைதான் இங்கே அதிகம் வந்து சேர்ந்தன.

ஒரு குட்டியைப் பிடிப்பதென்றால் தாயைக் கொல்லாமல் முடியாது. நாலைந்து வயதுவரை பால் குடிக்கிற பிள்ளை அது. தாயின் வயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டேதான் வளரும். எதைத் தின்னலாம், யாரிடம் அடங்கிப் போக வேண்டும், இரவில் மரத்தின் மேல் கிளைகளை வளைத்து எப்படிப் படுக்கை போடுவது என்று எல்லாவற்றையும் தாயைப் பார்த்துத்தான் கற்கிறது. அந்தப் பள்ளிக்கூடம் ஒரே நாளில் மூடப்பட்டு, பெட்டியில் அடைபட்டு வருகிறது குட்டி. அதற்கு என்ன மருந்து? பாலும் போர்வையும் வேண்டும், மடியில் வைத்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும். ஆனால் இவையெல்லாம் முதலுதவிதான். உண்மையான மருந்து இன்னொரு சிம்பன்சி. இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிம்ஃபுன்ஷியில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பெரிய வளாகங்களில், வேலி போட்ட காட்டுக்குள், கூட்டம் கூட்டமாக இருக்கின்றன. இரவும் வெளியேதான். முற்பகல் பதினொன்றரை வாக்கில் கட்டடத்துக்குள் வரும், சுமார் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும். யாரும் விரட்டுவதில்லை, சாப்பாட்டுக்காக வருகின்றன. மக்காச்சோள மாவைக் கிளறிய உருண்டை, நம் ஊர்க் களி போலத்தான். அதோடு பழங்களும் காய்களும். அந்த இரண்டு மணி நேரம் ஆட்களுக்கும் தேவைப்படுகிறது. யார் வரவில்லை, யார் நொண்டுகிறார், யாருக்கு மூக்கு ஒழுகுகிறது என்று பார்ப்பார்கள். (யார் என்றே சொல்கிறேன், எது என்று சொல்ல வரவில்லை.) வேலியைச் சரிபார்ப்பதும் அப்போதுதான்.

உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்குள் ங்காம்பா என்ற தீவில் 1998ல் தொடங்கிய சரணாலயத்தில் கதை வேறு. சிம்பன்சிக்கு நீந்தத் தெரியாது, அதனால் ஏரியே வேலி. ஆனால் சுமார் நூறு ஏக்கர் தீவில் உள்ள காடு ஐம்பது சிம்பன்சிகளுக்குச் சோறு போடாது. பகலில் பல தடவை உணவு கொடுக்க வேண்டியிருக்கிறது. மாலையானால் பெரும்பாலானவை வீடு திரும்பும். கஞ்சி குடித்துவிட்டுத் தூளி போன்ற ஊஞ்சல் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

இப்போது எனக்குப் பிடித்த கதை. சிம்ஃபுன்ஷியில் ஜூலி என்று ஒரு பெண் சிம்பன்சி. 2010ல் ஒரு நாள் அவள் நீளமான புல் ஒன்றை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள். காதை எதுவும் குடையவில்லை. செருகியது செருகியபடி இருக்க, உட்காருவாள், பேன் பார்ப்பாள், விளையாடுவாள். நீங்கள் பென்சிலைக் காதில் சொருகியிருக்கும் தச்சரைப் பார்த்திருப்பீர்கள், அவருக்காவது அதில் ஒரு உபயோகம் உண்டு. ஜூலியின் புல்லால் ஒரு உபயோகமும் இல்லை. ஆனால் அவள் மகன் ஜாக் செருகிக்கொண்டான். அப்புறம் இன்னொருவர், இன்னொருவர். பன்னிரண்டு பேர் உள்ள அந்தக் கூட்டத்தில் எட்டுப் பேர் காதில் புல்லோடு நடமாட ஆரம்பித்தார்கள். அதே சரணாலயத்தில், அதே புல் முளைக்கும் பக்கத்து வளாகங்களில் இந்த வழக்கம் பரவவில்லை. ஜூலி இறந்த பிறகும் சிலர் விடவில்லை. எட்வின் வான் லீவன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2014ல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. பல வருடம் கழித்து வேறொரு கூட்டத்தில் இதே பழக்கம் முளைத்தது. (அந்தக் கூட்டத்தார் காதோடு நிறுத்தவில்லை, இன்னோர் இடத்திலும் புல்லைச் செருகினார்கள். வானொலியில் அதற்கு மேல் சொல்ல முடியாது.) ஜூலியை அவர்கள் பார்த்ததே இல்லை. பிறகு யாரிடம் கற்றார்கள்? அங்கே வேலை பார்ப்பவர்களில் சிலர் தீக்குச்சியாலோ புல்லாலோ தங்கள் காதைக் குடையும் வழக்கம் உள்ளவர்கள். அதைப் பார்த்து ஒரு சிம்பன்சி தொடங்கியிருக்கலாம், மற்றவை அதைப் பார்த்துத் தொடர்ந்திருக்கலாம் என்று 2025ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கோழி இறகால் காது குடைந்துகொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம்.

சிரிக்கத்தான் சொன்னேன், ஆனால் யோசித்துப் பாருங்கள். பசிக்காக இல்லை, பயத்துக்காக இல்லை. கூட்டத்தில் ஒருத்தி செய்கிறாள், நானும் செய்கிறேன், அவ்வளவுதான். பெட்டியில் அடைபட்டு வந்த அநாதைக் குட்டிக்கும் வளர வளர இப்படிப் பார்த்துச் செய்ய யாராவது வேண்டாமா? எத்தனை அன்பான மனிதரும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஆகவே மருந்து இன்னொரு சிம்பன்சிதான். இரண்டாம் தடவை சொல்லிவிட்டேன்.

புதிய குட்டியைக் கூட்டத்தில் சேர்க்கும் முறையை விரிவாகச் சொல்ல நினைத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் போல. சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் தனியாக வைத்துக் காசநோய் முதலான சோதனைகள். நம்முடைய சாதாரண ஜலதோஷமே சிம்பன்சியைக் கொல்லக்கூடியது, அதனால்தான் கிட்டே போகிறவர்கள் முகக்கவசம் போடுகிறார்கள். பிறகு கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பார்க்க விடுவது. பிறகு சாதுவான ஒரு பெண்ணோடு சேர்ப்பது, அவள் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களை ஒவ்வொருவராக. பெரிய ஆண்கள் கடைசியில்தான். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், அவசரப்படுத்தினால் குட்டி கடிபட்டுச் சாகும்.

இன்னொன்று. பெரும்பாலான சரணாலயங்களில் பெண்களுக்குக் கருத்தடை செய்துவிடுகிறார்கள். ஜூலியின் மகன் ஜாக்கைப் போல முன்பு அங்கே பிறந்தவர்கள் உண்டு. ஆனால் சிம்பன்சி ஐம்பது வருடம்கூட வாழும், இடமும் சோறும் அத்தனை வருடத்துக்கும் வேண்டும். உள்ளே ஒரு குட்டி பிறந்தால், நாளை பெட்டியில் வரப்போகும் குட்டிக்கு இடம் இருக்காது. நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள், மூன்றாம் தடவையை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். வணக்கம்.