பத்து நாள் வாரத்துக்குப் பெயர் வைப்பது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "நான் ஒரு மாய உலகக் கதை எழுதுகிறேன். அங்கே வானத்தில் இரண்டு நிலவு, வாரத்துக்குப் பத்து நாள். பத்துக்கும் பெயர் வைத்துவிட்டேன். ஆனால் வாசித்த தோழிகளுக்கு ஒரு பெயர்கூட மனதில் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?"

பெயரில் பிழை இருக்காது, தங்கச்சி. அந்த நாளில் உங்கள் சனங்கள் என்ன செய்கிறார்கள், எதைச் செய்யப் பயப்படுகிறார்கள் என்பது கதையில் வராமல் இருந்திருக்கும்.

நம்முடைய கிழமைகளைப் பாருங்கள். செவ்வாய் சிவந்து தெரியும் கோள், வெள்ளி பளிச்சென்று வெளுத்துத் தெரிவது. பெயர் வந்தது வானத்தில் இருந்துதான். ஆனால் சனிக்கிழமை என்றதும் நம்மில் யார் கோளை நினைக்கிறோம்? எண்ணெய் வைத்து முழுகுவது நினைவுக்கு வரும். 'சனிப் பிணம் தனிப் போகாது' என்று அம்மம்மா சொன்னது வரும். நல்ல காரியம் பேச வந்தால் 'செவ்வாயோ வெறுவாயோ' என்று தள்ளிவைப்பார்கள். 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்று புதனைப் பிடித்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை பல சைவ வீடுகளில் மீன், இறைச்சி சமைப்பதில்லை. அதே வெள்ளி மதியம் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்குப் போனால் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும். ஒரே நாள்தான், பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு விதமாகப் போகிறது.

அப்படி உங்கள் நாட்களுக்கும் ஒவ்வொரு பழமொழி கட்டுங்கள். பத்துக்கும் வேண்டாம், கதை தொடுகிற மூன்று நாளுக்குப் போதும். மற்ற ஏழும் பேச்சுவாக்கில் வந்து போகட்டும்.

அப்புறம் இரண்டு நிலவு. இதில்தான் எனக்கு ஆசை அதிகம்! ஒரு நிலவு 30 நாளுக்கு ஒருமுறை முழுதாகிறது, மற்றது 42 நாளுக்கு ஒருமுறை என்று வையுங்கள். இரண்டும் ஒன்றாக முழுதாவது 210 நாளுக்கு ஒருமுறை. அதுதான் அவர்களின் பெருநாள். வருடத்துக்கு 400 நாள் என்றால், இரண்டு பெருநாள் முடிய 420 நாள் ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு வருடமும் பெருநாள் 20 நாள் பிந்தும். இது நமக்குப் பழக்கமான சங்கதிதான். சந்திர வருடம் ஏறக்குறைய 354 நாள் என்பதால் முஸ்லிம்களின் ரமழான் நோன்பு வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முந்தி வருகிறது. மாரி மழையிலும் நோன்பு, கச்சான் காற்று வீசும் வெயிலிலும் நோன்பு. உங்கள் கிழவி ஒருத்தி, "நான் பிறந்தபோது பெருநாள் அறுவடையில் வந்தது" என்று சொன்னால் அவள் பல வருடம் கண்டவள் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும்.

வாரத்தை நிலவோடு கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நம் இலங்கையிலேயே 1966 முதல் 1971 வரை ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாட்களை, அதாவது அமாவாசை, பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அரை நிலவு நாட்களை, வார விடுமுறை ஆக்கிப் பார்த்தார்கள். நிலவு ஏழு ஏழாக நடப்பதில்லை. சில தடவை இரண்டு போயாவுக்கு இடையில் 8 நாள் வந்தது. வெளிநாட்டோடு வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சிரமம். கடைசியில் பழைய வாரத்துக்கே திரும்பினார்கள். ஆனால் உங்கள் அரசன் ஒருவன் இப்படி ஓர் ஆணை போட்டுச் சனங்களை அலைய வைக்கிறான் என்றால் தாராளமாக எழுதுங்கள்.

வருடம் எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் தண்ணீர் ஏறினால் மட்டக்களப்பில் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி விடுவார்கள், தெரியும்தானே. உங்கள் உலகத்தில் அப்படி வெட்டுகிற நாளே வருடப் பிறப்பாக இருக்கட்டும். மழை பிந்தினால் வருடம் நீளும். ஒன்று 380 நாள், அடுத்தது 415 நாள். கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் வட்டிக் கணக்கில் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையை முதல் அத்தியாயத்திலேயே வையுங்கள்.