"ஐயா சொன்னாரு"

நேயர்களுக்கு வணக்கம். பி.ஏ.ன்னாலே போன எடுத்து "ஐயா மீட்டிங்ல இருக்காரு"ன்னு சொல்ற ஆளுன்னுதான் நம்மள்ல பாதி பேர் நினைக்கிறோம். ஏதாவது ஒரு கலெக்டர் ஆபீஸ்க்கு போய் பாருங்க, நேர்முக உதவியாளர்னு போர்டு போட்ட ரூமே ரெண்டு மூணு இருக்கும். பொதுப் பிரிவு பி.ஏ. துணை கலெக்டர் ரேங்க் ஆபீசர், ஆபீஸ் நிர்வாகம் பூரா அவர் தலையிலதான் விழும். விவசாயத்துக்கு தனி பி.ஏ., அவரு வேளாண்மைத் துறையில இருந்து வர்றவரு, விவசாயிகள் குறைதீர் கூட்டம்லாம் அவர் பொறுப்பு. சத்துணவுக்கும் ஒருத்தர் உண்டு. நீங்க மனசுல நினைக்கிற ஆளு, அதான் நோட்டும் பேனாவுமா ஆபீசர் பின்னாடியே ஓடுறவரு, அவரு ஆபீசர் சொல்லச் சொல்ல சுருக்கெழுத்துல எழுதிக்கற ஸ்டெனோவா இருப்பாரு, இல்ல ஆபீசரோட வீட்டு ஆபீஸ் வேலையைப் பாக்கற கேம்ப் கிளார்க்கா இருப்பாரு.

நான் பேச வந்தது இவரைப் பத்திதான். வேலைக்கு வர டைப்பிங், சுருக்கெழுத்து பாஸ் பண்ணியிருக்கணும், சரி, ஆனா வந்தப்புறம் முக்கால்வாசி வேலை எதை முன்னாடி வைக்கிறது எதை அப்புறம் பாத்துக்கறதுங்கறதுதான். காலைல தபால் குவியும், அதுல கோர்ட் விஷயம், சட்டசபைக் கேள்வி இதுக்கெல்லாம் கெடு இருக்கு, அது மேல வரணும், ரகசியம்னு எழுதின கவரை மட்டும் பிரிக்காம அப்படியே உள்ள கொடுக்கணும், நடுவுல திங்கக்கிழமை மனுநாள்ல டூர் எதுவும் மாட்டிக்காம பாத்துக்கணும்.

இதெல்லாம் பழகிடும் சார். பழகக் கூடாதது ஒண்ணு இருக்கு, "ஐயா சொன்னாரு"ங்கற பேச்சு. தாசில்தாருக்கு போன் போட்டு இதை சொன்னா, அவரு திருப்பி ஐயாகிட்டயேவா போய் கேக்கப் போறாரு? ஐயா சொல்லாததையும் சொல்லிடலாம், யாருக்கும் தெரியாது. பி.ஏ. கையில இருக்கற பவரே இதுதான், பல பேர் கெட்டுப்போனதும் இதுலதான்னு நான் நினைக்கிறேன். அதனால ஐயா என்ன சொன்னாரு, எத்தனை மணிக்கு, யார்கிட்ட சொல்லச் சொன்னாருன்னு அப்பவே நோட்டுல ஏத்திடணும். மகாதேவ் தேசாய் 1917ல காந்திகிட்ட செயலாளரா சேந்தவரு, 1942ல ஆகா கான் மாளிகைக் காவல்ல இறக்கற வரைக்கும் காந்தி பேசினதை டைரியில எழுதிட்டே வந்தாரு, காந்தி அன்னைக்கு என்ன சொன்னாருன்னு தேடுறவங்க இன்னைக்கும் அதைத்தான் புரட்டுறாங்க.

உங்களுக்கும் எந்த ஆபீஸ்ல இருந்தாவது இப்படி போன் வந்துச்சுன்னா, "சரிங்க, ஒரு வரி எழுத்துல அனுப்பிடுங்க"ன்னு தயங்காம கேளுங்க. உருப்படியான பி.ஏ. அதுக்கு கோவிச்சுக்க மாட்டாரு.