திராட்சைக் குலையைச் சாட்சிக்கு அழைக்கிறேன்

நடுவர் அவர்களே, காற்றாலையோடு மோதி விழுந்தவரைத் தூக்கி நிறுத்திவிட்டு இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். ஐரோப்பிய நாவலுக்கு வித்திட்டது வீரக்கதைகளைப் படித்துத் தன்னையே மாவீரனாக எண்ணிக்கொண்ட டான் குவிக்ஸாட்டின் கனவா, பிச்சையெடுத்துப் பிழைத்த ஸ்பானியச் சிறுவன் லாசரோவின் பசியா என்பது இன்றைய வழக்கு. கனவுதான் என்று அடித்துப் பேசினார்; 1605இல் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸ் 'டான் குவிக்ஸாட்' நூலோடு வருவதற்கு முன்னால் நாவல் என்ற ஒன்றே கிடையாது என்றார். அந்த நூலைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன்தான் நானும். அதற்காக, பாயசம் பரிமாறியவனுக்கு மாலை போட்டுவிட்டு, பந்திக்கு இலை போட்டவனை வாசலோடு அனுப்பிவிடலாமா?

1554ஆம் ஆண்டு. புர்கோஸ், அல்கலா, மெதினா தெல் காம்போ, ஆன்ட்வெர்ப் ஆகிய நான்கு ஊர்களில் ஒரே ஆண்டில் அச்சான சின்னஞ்சிறு நூல் 'லாசரில்லோ தே தோர்மெஸ்', நம் லாசரோவின் கதை. எழுதியவர் பெயர் அதில் இல்லை. அறிஞர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். அன்றைய ஸ்பெயின் விழுந்து விழுந்து படித்ததோ 'அமாதிஸ் தே கௌலா' போன்ற வீரக்கதைகளை. அமாதிஸ், நம் கர்ணனைப் போலப் பிறந்தவுடன் பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்டவன். லாசரோவும் ஆற்றில்தான் பிறந்தான், எப்படி? தோர்மெஸ் ஆற்றின் மேல் இருந்த மாவு ஆலையில், பிறத்தியார் மூட்டையில் கைவைத்து அகப்பட்டுக்கொண்ட ஆலைக்காரனுக்கு மகனாக! அரசகுமாரன் கதையை ஒரு பக்கத்தில் கவிழ்த்துவிட்டார் அந்தப் பெயரில்லாதவர்.

இப்போது என் முதல் சாட்சி. பார்வையற்ற கிழவர் ஒருவருக்கு வழிகாட்டியாகப் போகிறான் பையன். அல்மோரோஸ் என்ற ஊரில் யாரோ ஒரு குலை திராட்சை கொடுக்கிறார்கள். "ஆளுக்கு ஒவ்வொன்றாகத் தின்போம், ஏமாற்றக்கூடாது" என்கிறார் கிழவர். இரண்டாவது சுற்றிலேயே அவர் இரண்டிரண்டாகப் பறிக்கத் தொடங்குகிறார். பையன் பார்க்கிறான். அவனும் இரண்டு, பிறகு மூன்று, கைக்கு வந்தபடி. குலை தீர்ந்ததும் வெறும் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு கிழவர் சொல்கிறார்: "நீ மும்மூன்றாகத் தின்றிருக்கிறாய்." எப்படித் தெரியும் என்று கேட்டால், "நான் இரண்டிரண்டாகத் தின்றபோது நீ வாயே திறக்கவில்லையே!" என்கிறார். எத்தனுக்கு எத்தன்! ஒரு மனிதனின் மௌனத்தை வைத்து அவன் மனத்தைப் படிக்கிற வித்தை இது. இதைத்தானே ஐயா நாவல் என்கிறோம்?

அடுத்து, லாசரோ பிறகு வேலைக்குப் போன டொலேடோ நகரத்து எஜமானர். வாளும் மேலங்கியுமாக நடை என்ன, மிடுக்கென்ன! வீட்டில் ஒரு பிடி ரொட்டி கிடையாது. லாசரோ பிச்சையெடுத்து வந்த மாட்டுக்காலை, "நீ சாப்பிடுகிற அழகைப் பார்த்தால் எனக்கே பசிக்கிறதப்பா" என்ற பாவனையில் அவரும் கடிக்கிறார். மற்ற நாட்களில் பட்டினி. ஆனாலும் ஒரு துரும்பை எடுத்துக்கொண்டு, தெரு பார்க்க வாசலில் நின்று பல் குத்துவார். பக்கத்து வீட்டுப் பிரபுவுக்கு எப்போதும் தானே முதலில் தொப்பியைக் கழற்ற நேர்ந்ததால் ஊரைவிட்டே வந்தவர் அவர். காலிப் பானையும் காயாத கௌரவமும் கொண்ட இந்த மனிதர், எதிரணியின் கதாநாயகனுக்குப் பெரியப்பா முறை இல்லையென்றால் வேறு யார்? அரை நூற்றாண்டு மூத்தவர் வேறு.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. நூல் முழுவதும் ஒரு பெரிய மனிதருக்கு லாசரோ எழுதும் கடிதம். அவன் மனைவி ஒரு தலைமைப் பாதிரியார் வீட்டு வேலைக்காரி. அவளையும் பாதிரியாரையும் சேர்த்து ஊர் வேறு விதமாகப் பேசுகிறது. "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, நான் நன்றாக இருக்கிறேன்" என்று அவன் சொல்லச் சொல்ல, நமக்கு உண்மை புரிந்துவிடுகிறது. சொல்லுகிறவன் ஒன்றைச் சொல்ல, படிப்பவன் வேறொன்றைக் கேட்கிற அந்த இடைவெளியில்தான் நாவல் குடியேறியது.

திருச்சபைக்கும் அது புரிந்தது. 1559இல் தடை. 1573இல் வெட்டிக் குறைத்துத்தான் திரும்ப விட்டார்கள். 1992இல் ஸ்பெயினில் பார்கரோட்டா என்ற ஊரில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்தபோது, சுவருக்குள் ஒளித்துவைத்த புத்தகங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று இந்நூலின் மெதினா தெல் காம்போ பதிப்பு. சுவர் வைத்து மூடுகிற அளவுக்கு ஒரு பசித்த பையனிடம் பயம்!

பிறகு வந்த எத்தன் கதைகளை, பிகாரெஸ்க் என்று உலகம் சொல்லும் மரபை, விரிக்க நேரமில்லை. எழுதியவர்களின் பெயரை மட்டும் சொல்கிறேன்: ஸ்பெயினில் 1599இல் மதேயோ அலெமான், 1626இல் கெவேதோ, ஜெர்மனியில் கிரிம்மெல்ஸ்ஹவுசன், 1722இல் இங்கிலாந்தில் 'மால் ஃப்ளாண்டர்ஸ்' நாவலோடு டீஃபோ.

மணியடிக்கக் கை போகிறது, தெரிகிறது. கடைசிச் சாட்சி எதிரணியின் வீட்டிலிருந்தே. டான் குவிக்ஸாட் முதல் பாகம், 22ஆம் அத்தியாயம். விலங்கு பூட்டிய கைதி ஹினேஸ் தே பசமோந்தே, தன் வாழ்க்கையைத் தானே எழுதுவதாகச் சொல்கிறான். நன்றாக இருக்குமா என்றால், லாசரில்லோவெல்லாம் அதன் முன் நிற்காது என்கிறான். போட்டிக்கு யாரை அழைக்கிறான், பாருங்கள்! "எழுதி முடித்தாயிற்றா?" என்று கேட்பது டான் குவிக்ஸாட். "என் வாழ்க்கையே முடியவில்லையே, அது எப்படி முடியும்?" என்கிறான் கைதி. செர்வான்டிஸ் கையெழுத்திட்ட வாக்குமூலம், நடுவர் அவர்களே. குறுக்கு விசாரணைக்கு எதிரணித் தலைவரை அழைக்கிறேன்.